மெயிலைப் படித்தவர் அடுத்து என்ன செய்வார்?

வணிகவியல் மாணவர்களுக்கு நான் வழக்கமாகக் கொடுக்கும் ஒரு பயிற்சி உண்டு. நீங்கள் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். 18ஆம் தேதி வர வேண்டிய அட்டைப்பெட்டிகள் 27ஆம் தேதிதான் வரும் என்று சப்ளையர் இப்போதுதான் போனில் சொன்னார். அந்தப் பெட்டிகளில் அடைத்து 24ஆம் தேதி அனுப்ப வேண்டிய வாடிக்கையாளர் ஆர்டர் ஒன்று காத்திருக்கிறது. விசாரித்ததில் வேறொரு சப்ளையர் 22ஆம் தேதிக்குள் தருகிறேன் என்கிறார், ஆனால் விலை 8 சதவீதம் கூடுதல். அதற்கு ஒப்புதல் தரும் அதிகாரம் உங்கள் மேனேஜருக்கு மட்டும்தான். அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். நேரம் 15 நிமிடம்.

பெரும்பாலும் வந்து சேர்வது இப்படி இருக்கும்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். கடந்த மாதம் நாம் அட்டைப்பெட்டிகளுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது தாங்கள் அறிந்ததே. சப்ளையர் குறித்த காலத்தில் அனுப்புவதாக உறுதியளித்திருந்தார். இது தொடர்பாக அவர்களைப் பலமுறை தொடர்பு கொண்டோம். தவிர்க்க முடியாத காரணங்களால் சிறிது தாமதம் ஏற்படும் எனத் தெரிகிறது. மாற்று வழிகளையும் பரிசீலித்து வருகிறோம். தங்களின் மேலான கவனத்திற்கு. நன்றி."

பிழை இல்லை. மரியாதைக் குறைவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பத்துக்கு எட்டாவது விழும். ஆனால் மேனேஜர் இதைப் படித்துவிட்டு என்ன செய்வார்? ஒன்று, "சரி, பார்த்துக்கொள்கிறார்கள்" என்று மூடி வைத்துவிடுவார். இல்லையென்றால் போனை எடுத்து, "எத்தனை நாள் தாமதம்? என்ன மாற்று வழி? என்னிடம் என்ன கேட்கிறாய்?" என்பார். இரண்டாவது நடந்தால் மெயில் எழுதிய 15 நிமிடம் வீண். முதலாவது நடந்தால் 24ஆம் தேதி ஆர்டரே வீண்.

கவனியுங்கள், எல்லா விவரமும் மாணவர் கையில் இருந்தது. 27, 24, 22, 8 சதவீதம் என்ற நான்கு எண்களையும் நானே கொடுத்திருந்தேன். நான்கும் மெயிலில் காணாமல் போய்விட்டன. "சிறிது தாமதம்", "மாற்று வழிகள்" என்ற மெத்தைகளுக்குள் போய் ஒளிந்துகொண்டன.

இதையே இப்படி எழுதலாம்:

"பொருள்: பெட்டிகள் 9 நாள் தாமதம், இன்று மாலை 4 மணிக்குள் உங்கள் முடிவு வேண்டும். வணக்கம். பெட்டிகள் 18ஆம் தேதிக்குப் பதில் 27ஆம் தேதிதான் வரும். 24ஆம் தேதி அனுப்ப வேண்டிய ஆர்டர் இதனால் நின்றுவிடும். வேறொரு சப்ளையர் 22ஆம் தேதிக்குள் தரத் தயார். விலை 8 சதவீதம் கூடுதல். அவரிடமே வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் சரி என்றால் இன்றே ஆர்டர் போட்டுவிடுகிறேன். இரண்டு சப்ளையர்களின் விவரமும் கீழே."

இதில் மொழித்திறமை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. படிப்பவர் யார், அவருக்கு என்ன தெரியாது, அவர் என்ன செய்ய வேண்டும் என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார், அவ்வளவுதான். பல்கலைக்கழகங்கள் 'கம்யூனிகேஷன்' என்ற பெயரில் நடத்தும் பாடங்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது இந்த யோசனை. குரல், நடை, உடை, உச்சரிப்பு என்று எல்லாமே சொல்பவரைச் சுற்றி நிற்கும் பாடங்கள். கேட்பவருக்கு அங்கே நாற்காலிகூடப் போட்டிருக்க மாட்டார்கள்.

மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பன்னிரண்டு, பதினைந்து வருடம் அவர்கள் எழுதியதெல்லாம் ஒரே வகை வாசகருக்கு. அந்த வாசகர் ஆசிரியர். அவருக்கு விடை முன்பே தெரியும். கடைசி வரி வரை படிப்பது அவர் கடமை. நீளமாக எழுதினால் மகிழ்வார். படித்துவிட்டு மதிப்பெண் போடுவதைத் தவிர அவர் வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை. வேலையிடத்தில் உள்ள வாசகர் எல்லா வகையிலும் இதற்கு நேர்மாறானவர். விஷயம் அவருக்குத் தெரியாது, நேரம் கிடையாது, பாதியில் நிறுத்திவிடுவார், படித்த பிறகு ஏதாவது செய்தாக வேண்டும். பட்டம் வாங்கிய கையோடு ஒரு வாசகரிடமிருந்து இன்னொருவரிடம் தாவும்போது, வாசகர் மாறிவிட்டார் என்பதையே யாரும் சொல்வதில்லை.

தனக்குத் தெரிந்தது பிறருக்குத் தெரியாது என்று உணர்வது மனிதர்களுக்கு இயல்பாக வருவதும் இல்லை. 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஓர் எளிய சோதனை செய்தார். ஒருவர் தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். மொத்தம் 120 பாட்டுகளில் சரியாகச் சொல்லப்பட்டவை 3. தட்டுபவர் காதுக்குள் பாட்டு முழுதாக ஓடுகிறது. எதிரே இருப்பவருக்கு வெறும் டொக் டொக். வகுப்பில் இதைச் செய்து பார்க்கப் பத்து நிமிடம் போதும். "தெளிவாக எழுதுங்கள்" என்று ஒரு பருவம் முழுக்கச் சொல்வதைவிட அந்தப் பத்து நிமிடம் அதிகம் வேலை செய்யும்.

இந்த இடைவெளி மாணவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் இன்னொரு சிக்கல். அமெரிக்காவில் கல்லூரிகளையும் வேலை கொடுப்போரையும் இணைக்கும் நேஸ் என்ற அமைப்பு 2018ஆம் ஆண்டையொட்டி இரு தரப்பையும் கேட்டது. பேச்சிலும் எழுத்திலும் தாங்கள் தேர்ந்தவர்கள் என்று சொன்ன மாணவர்கள் ஏறத்தாழ 80 சதவீதம். புதிய பட்டதாரிகளைப் பற்றி அதையே சொன்ன நிறுவனங்கள் ஏறத்தாழ 42 சதவீதம். வேலை கொடுப்பவர்கள் எப்போதும் குறைதான் சொல்வார்கள் என்று தள்ளுபடி செய்து பார்த்தாலும் இது கொஞ்சம் பெரிய தூரம்.

இதெல்லாம் இப்போது ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்பதற்கு ஒரு பொருளாதாரக் காரணம் உண்டு. ஹார்வர்டின் டேவிட் டெமிங் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1980க்கும் 2012க்கும் இடையே, பிறரோடு பழகும் திறன் அதிகம் தேவைப்படும் வேலைகளின் பங்கு அமெரிக்க உழைப்புச் சந்தையில் ஏறத்தாழ 12 சதவீதப் புள்ளிகள் கூடியது. கணக்குத் தேவைப்படும் ஆனால் பிறரோடு பழகுவது அதிகம் தேவைப்படாத வேலைகளின் பங்கு குறைந்தது. வேலையைப் பிரித்துக்கொண்டு செய்வதில்தான் லாபம். பிரித்ததைத் திரும்பக் கோப்பதற்குப் பேச்சும் எழுத்தும் செலவு. அந்தச் செலவைக் குறைப்பவருக்குச் சம்பளம் கூடுகிறது. இவ்வளவுதான் அவர் வாதத்தின் சாரம்.

வணிகப் பள்ளிகளின் பழைய கதையைப் பார்த்தால், இந்தப் பாடம் உள்ளே வருவதும் வெளியே தள்ளப்படுவதுமாகவே இருந்திருக்கிறது. பாரீஸில் 1819இல் ஒரு வணிகப் பள்ளி வந்தது. 1881இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வார்ட்டன், 1908இல் ஹார்வர்டு. கடிதம் எழுதுவது அன்று வணிகத்தின் அன்றாட வேலை என்பதால் 'பிசினஸ் இங்கிலீஷ்' சொல்லித்தரும் ஆசிரியர்கள் பெருகினார்கள்; 1935இல் தங்களுக்கென்று ஒரு சங்கமும் வைத்துக்கொண்டார்கள். 1959இல் ஃபோர்டு அறக்கட்டளையும் கார்னகி நிறுவனமும் தனித்தனியே அறிக்கை விட்டன. வணிகப் பள்ளிகள் தொழிற்பயிற்சிக் கூடங்கள் போல இருக்கின்றன, ஆய்வும் கணக்கும் பொருளியலும் வேண்டும் என்றன. நியாயமான விமர்சனம்தான். ஆனால் அந்த அலையில் கடிதம் எழுதுவது போன்ற 'சில்லறை' விஷயங்கள் ஓரம் கட்டப்பட்டன. 1988இல் போர்ட்டர், மெக்கிபின் இருவரும் எழுதிய அறிக்கை, மாணவர்களுக்குக் கணக்கு வருகிறது, மனிதர்களோடு பழகவும் பேசவும் வரவில்லை என்று எதிர்ப்பக்கம் இழுத்தது.

'சாஃப்ட் ஸ்கில்ஸ்' என்ற சொல்லின் பிறப்பிடம் இன்னும் வேடிக்கை. வணிகப் பள்ளியில் பிறந்தது இல்லை அது; அமெரிக்க ராணுவத்தில் பிறந்தது. இயந்திரத்தோடு தொடர்பு குறைவாக உள்ள வேலைத்திறன்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று தேடியபோது புழக்கத்துக்கு வந்தது. 1972 டிசம்பரில் இதற்கென்றே ஒரு மாநாடுகூட நடத்தினார்கள். டேங்கும் துப்பாக்கியும் இரும்பு, அதனால் 'ஹார்டு', மீதியெல்லாம் 'சாஃப்ட்'. 'மென்திறன்' என்று நாம் மொழிபெயர்த்தபோது 'மென்மை' ஒட்டிக்கொண்டது. புன்னகை, கைகுலுக்கல், இனிமை என்று பொருள் நழுவிவிட்டது. மேனேஜருக்குக் கெட்ட செய்தியை எண்களோடு சொல்வதில் என்ன மென்மை இருக்கிறது?

நழுவிய இடத்தில் சில கட்டுக்கதைகளும் குடியேறிவிட்டன. இரண்டை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பயிற்சியாளர்களின் ஸ்லைடுகளில் இவை இன்னும் சிரஞ்சீவியாக வாழ்கின்றன.

ஒன்று, 7-38-55. நாம் சொல்வதில் சொற்களின் பங்கு 7 சதவீதம்தான், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்பார்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு சோதனைகளிலிருந்து வந்த எண்கள் இவை. தனித்தனிச் சொற்களை வெவ்வேறு தொனியில் கேட்கவைத்து, முகப் படங்களைக் காட்டி, பேசுபவருக்கு எதிரே இருப்பவரைப் பிடிக்கிறதா இல்லையா என்று ஊகிக்கச் சொன்ன சோதனைகள். சொல்லும் முகமும் முரண்பட்டால் மனம் எதை நம்பும் என்பதுதான் அங்கே கேள்வி. உணர்ச்சியையும் விருப்பு வெறுப்பையும் பற்றிப் பேசும்போது தவிர மற்ற இடங்களுக்கு இது பொருந்தாது என்று மெஹ்ராபியனே தெளிவுபடுத்தியிருக்கிறார். யோசித்தாலே தெரியும்: உண்மையில் சொற்களின் பங்கு 7 சதவீதம்தான் என்றால், புரியாத மொழியில் நடக்கும் பட்ஜெட் கூட்டத்தில் உட்கார்ந்து 93 சதவீதம் புரிந்துகொண்டு வரலாமே.

இன்னொன்று, வெற்றிக்கு 85 சதவீதம் மென்திறன், 15 சதவீதம்தான் தொழில்நுட்ப அறிவு என்பது. ஹார்வர்டு ஆய்வு என்பார்கள், ஸ்டான்ஃபோர்டு என்பார்கள். பின்னால் போய்த் தேடினால் 1918இல் சார்லஸ் மான், கார்னகி அறக்கட்டளைக்காகப் பொறியியல் கல்வி பற்றி எழுதிய அறிக்கையில் போய் நிற்கும். அதில் இருப்பது பொறியாளர்கள் தங்கள் துறைக்கு எந்தக் குணங்கள் முக்கியம் என்று வரிசைப்படுத்திய கருத்துக்கணிப்பு. கருத்து எப்போது அளவீடாக மாறியது என்று தெரிந்துகொள்ள வணிகவியல் மாணவருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. தகவல்தொடர்பு வகுப்பே ஆதாரமில்லாத எண்ணோடு தொடங்குவது என்ன முரண்!

அப்புறம் ஆங்கிலம். கம்யூனிகேஷன் என்றாலே ஆங்கிலம் பேசுவது என்று நினைக்கும் மாணவர்கள் உலகெங்கும் உண்டு; தாய்மொழி ஆங்கிலமாக இல்லாத எந்த நாட்டு வகுப்பறையிலும் இதைப் பார்க்கலாம். பின்லாந்து, ஸ்வீடன் நிறுவனங்கள் இணைந்தபோது அங்கே நடந்த அலுவலகத் தொடர்பை ஹெல்சிங்கியைச் சேர்ந்த லூஹியாலா-சல்மினென், சார்ல்ஸ், கன்கான்ரன்டா ஆகிய மூன்று ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2005இல் எழுதினார்கள். இரு தரப்புக்கும் ஆங்கிலம் அந்நிய மொழி. அதை அவர்கள் யாருடைய சொந்தச் சொத்தாகவும் பார்க்கவில்லை, வேலை நடத்தும் பொதுக்கருவியாகப் பார்த்தார்கள். இதைத் தொடர்ந்து வந்த ஆய்வுகளும், இலக்கணச் சுத்தத்தைவிட நேரடித்தன்மையும் தெளிவும் தொழிலறிவும் அங்கே எடுபடுகின்றன என்றே காட்டின. ஜப்பானின் இணைய வணிக நிறுவனமான ராகுடென் 2010இல் ஆங்கிலத்தை அலுவலக மொழியாக அறிவித்து, ஊழியர்கள் இரண்டு ஆண்டுகளில் ஆங்கிலத் தேர்வில் குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தொட வேண்டும் என்றது. மொழி ஒரு நுழைவாயில் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மேலே காட்டிய முதல் மெயிலை எந்த மொழியில் எழுதினாலும் 27 என்ற எண் அதில் இருக்காது.

பிரசன்டேஷன் பக்கம் வருவோம். பவர்பாயிண்ட் 1987இல் வந்தது. அதற்குப் பிறகு வணிகவியல் மாணவருக்குத் 'தகவல்தொடர்பு' என்றால் பத்து ஸ்லைடு என்று ஆகிவிட்டது. ஸ்லைடு என்ன செய்யும் என்று காட்ட நான் வகுப்பில் வைக்கும் உதாரணம் நாசாவின் கொலம்பியா விண்கலம். 2003 ஜனவரியில் அது கிளம்பும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைப்பஞ்சுத் துண்டு இறக்கையில் மோதியது. விண்கலம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே பொறியாளர்கள் ஆராய்ந்து ஸ்லைடுகளாகக் கொடுத்தார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு ஆறுதல் தருவது போல இருந்தது. சோதனைகளில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், உண்மையில் மோதியதோ 1,920 கன அங்குலம் என்ற தகவல் கடைசியில், அடுக்குக்குள் அடுக்காகச் சென்ற குட்டி வரி ஒன்றில் இருந்தது. பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும்போது விண்கலம் சிதறி 7 பேர் இறந்தார்கள். தொழில்நுட்ப அறிக்கைகளுக்குப் பதிலாக ஸ்லைடுகளையே நம்பும் பழக்கத்தை விசாரணைக் குழு தன் அறிக்கையில் வெளிப்படையாகக் குறை சொன்னது. ஸ்லைடால் விபத்து நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 640 மடங்கு வித்தியாசம் தலைப்பில் இருந்திருந்தால் அந்த அறையில் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும்.

2004இல் அமேசானில் ஜெஃப் பெசோஸ் தன் மூத்த குழுவின் கூட்டங்களில் பவர்பாயிண்டை நிறுத்தினார். பதிலாக ஆறு பக்கம் வரை முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்பு. கூட்டத்தின் தொடக்கத்தில் எல்லோரும் உட்கார்ந்து மௌனமாக அதைப் படிப்பார்கள். புள்ளி வைத்த நான்கு வரிகளுக்கு இடையே 'அதனால்', 'ஆனாலும்', 'இல்லாவிட்டால்' என்ற சொற்கள் தேவைப்படாது. வாக்கியமாக எழுதும்போது தேவைப்படும். காரணத்தையும் விளைவையும் யோசிக்காமல் அந்தச் சொற்களைப் போட முடியாது. இந்த ஒரு பயனுக்காகவே நானும் ஒரு பருவத்தில் ஒரு முறையாவது ஸ்லைடைத் தடை செய்து இரண்டு பக்கக் குறிப்பு கேட்பேன். முணுமுணுப்பு வரும். பரவாயில்லை.

குழுவேலை விஷயத்தில் பல்கலைக்கழகங்கள் செய்வது இன்னும் விசித்திரம். ஐந்து பேரைச் சேர்த்து ஒரு ப்ராஜெக்ட் கொடுத்துவிட்டு 'டீம்வொர்க் கற்றுக்கொடுத்தோம்' என்று பாடத்திட்டத்தில் எழுதிக்கொள்கிறார்கள். குளத்தில் தள்ளிவிட்டு நீச்சல் வகுப்பு நடத்தினேன் என்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. மேக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் கயிறு இழுக்கும் சோதனை நடத்தி 1913இல் வெளியிட்டார். ஆள் கூடக்கூட ஒவ்வொருவரின் பங்கும் குறைந்தது. எட்டுப் பேர் சேர்ந்தபோது தலைக்குப் பாதி பலம்தான் வந்தது. 1979இல் தொடங்கி உளவியலாளர் லட்டானேவும் சகாக்களும் கைதட்டலையும் கத்தலையும் வைத்து அதையே சோதித்து, யார் எவ்வளவு செய்தார்கள் என்பது தெரியாதபோது மனிதர்கள் தளர்ந்துவிடுகிறார்கள் என்று காட்டினார்கள். ஆகவே ஐவருக்கும் ஒரே மதிப்பெண் என்ற ஏற்பாடு சோம்பலுக்கு நாமே விரிக்கும் பாய். யார் எந்தப் பகுதிக்குப் பொறுப்பு என்று முதல் வாரமே எழுதி வாங்குவது, நடுவில் ஒரு முறை ஒருவரையொருவர் மதிப்பிடச் சொல்வது, ஒருவர் வரவில்லை என்றால் என்ன செய்வோம் என்று முன்பே ஒப்புக்கொள்வது ஆகிய மூன்றும் ஓரளவுக்கு உதவும்.

குழுவில் கற்றுத்தர வேண்டிய மிகக் கடினமான விஷயம், மேலே இருப்பவரிடம் 'இது தப்பு' என்று சொல்வது. இது பிறவிக்குணம், கற்பிக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். விமானத்துறை அதைப் பொய்யாக்கியது. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். பனிமூட்டம், வானொலிக் குழப்பம் என்று காரணங்கள் பல. ஆனால் கிளம்பிய விமானத்தின் ஒலிப்பதிவில், எதிரே இருந்த விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று விமானப் பொறியாளர் கேட்டது பதிவாகியிருக்கிறது. விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொன்னார். பொறியாளர் அதற்கு மேல் பேசவில்லை. அந்தக் காலத்தில் நடந்த இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகு, விமானக் குழு ஒன்றாக வேலை செய்வது பற்றி 1979இல் நாசா ஒரு பயிலரங்கு நடத்தியது; 1981இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானக் குழுவினர் அனைவருக்கும் இதில் பயிற்சி தரத் தொடங்கியது. பயிற்சி என்றால் சொற்பொழிவு இல்லை. பெயரைச் சொல்லி அழை, உன் கவலையைச் சொல், பிரச்சினை என்ன என்று சொல், வழியைச் சொல், 'ஒப்புக்கொள்கிறீர்களா?' என்று கேள். இதைப் பாவனை விமானத்தில் திரும்பத் திரும்பச் செய்தார்கள். 1989இல் அதே நிறுவனத்தின் விமானம் ஒன்று நடுவானில் எல்லா ஹைட்ராலிக் கட்டுப்பாட்டையும் இழந்தபோது, 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். எல்லோரும் பேசி, எல்லோரும் கேட்டதால்தான் அது முடிந்தது என்று அதன் கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் பிறகு பல மேடைகளில் சொன்னார்.

வணிக வகுப்பில் இதைச் செய்ய விமானம் வேண்டாம். ஒரு மாணவர் மேனேஜராக நடிக்கட்டும். அவர் போட்ட விற்பனைக் கணிப்பில் ஒரு பிழை இருக்கிறது. கூட்டம் தொடங்க இன்னும் ஐந்து நிமிடம். இளையவர் எப்படிச் சொல்வார்? முதல் முறை பெரும்பாலோர் "சார், ஒரு சின்ன டவுட்" என்று ஆரம்பித்துப் பிழையைத் தொடாமலே முடித்துவிடுவார்கள். மூன்றாவது முறையில்தான் "நாலாவது பத்தியில் இருக்கும் வளர்ச்சி விகிதம் போன வருடத்தது, இதை மாற்றிவிட்டு உள்ளே போகலாமா?" என்ற வாக்கியம் வரும். மூன்று முறை செய்ய இடமும் நேரமும் வேண்டும்.

அங்கேதான் உண்மையான முட்டுக்கட்டை. கணக்குப் போட்டுப் பாருங்கள். வகுப்பில் 60 பேர். ஒருவருக்கு 5 நிமிடப் பேச்சு என்றால் ஒரு சுற்று முடிய 5 மணி நேரம். கருத்துச் சொல்ல இன்னொரு 5 நிமிடம் என்றால் 10 மணி நேரம். ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதி, ஒன்றைத் திருத்த 15 நிமிடம் என்றால் 15 மணி நேரம். அதைத் திரும்ப எழுதச் சொன்னால் இன்னொரு 15. திரும்ப எழுதாமல் எழுத்து வராது. நிதிப் பாடத்தை 200 பேருக்கு ஒரே அரங்கில் நடத்தலாம், தேர்வை இயந்திரம் திருத்தும். இதை அப்படி முடியாது. ஆகவே பல இடங்களில் பாடம் மலிவான வடிவத்துக்குச் சுருங்குகிறது: தகவல்தொடர்பின் வரையறை, அதன் வகைகள், தடைகள் ஏழு, பத்து மதிப்பெண் வினா. நீச்சலின் வரையறையை எழுதி முதல் வகுப்பில் தேறுவது போல. வணிகப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் தரும் ஏஏசிஎஸ்பி 2003 முதல் மாணவர் கற்றதை அளந்து காட்டச் சொல்கிறது. நோக்கம் நல்லது. நடைமுறையில் அளக்க எளிதானது உள்ளே வந்துவிடும்: பார்வைத் தொடர்புக்கு 5, குரலுக்கு 5, உடைக்கு 5. கேட்டவருக்கு என்ன புரிந்தது என்ற கட்டத்தைப் பல படிவங்களில் தேடிப் பார்த்திருக்கிறேன்.

திருத்துவதாலேயே நன்மை வந்துவிடும் என்றும் இல்லை. க்ளூகர், டினிசி இருவரும் 1996இல் பல நூறு ஆய்வு முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கருத்துச் சொன்ன பிறகு செயல்பாடு மோசமானவை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கருத்து வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பும்போது அப்படி ஆகிறது என்பது அவர்கள் விளக்கம். "உனக்குத் தன்னம்பிக்கை போதாது" என்பது ஆளைப் பற்றியது, அதை வைத்து அடுத்த முறை எதையும் மாற்ற முடியாது. "தேதி மூன்றாம் பத்தியில் இருக்கிறது, மேலே கொண்டு வா" என்பது வேலையைப் பற்றியது.

வேலையைப் பற்றிப் பேச ஒரு சொல்தொகுதி வேண்டும். இந்த விஷயத்தில் நம்மிடம் பழைய சரக்கு இருக்கிறது. நூல் எழுதுவோர் விலக்க வேண்டிய பத்துக் குற்றங்கள் என்று தமிழ் இலக்கணம் ஒரு பட்டியல் தருகிறது: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் என்று போகும். ஓரத்தில் "தெளிவில்லை" என்று எழுதுவதைவிட "மற்றொன்று விரித்தல்" என்று எழுதினால் மாணவருக்கு எதை வெட்ட வேண்டும் என்று தெரிகிறது. என் முதல் உதாரண மெயில் குன்றக் கூறல். எழுதியவர் அதை மரியாதை என்று நினைத்திருந்தார். பத்தாவது குற்றத்தின் பெயர் 'நின்று பயன் இன்மை'. அலுவலக மெயில்களில் பாதிக்கு அதைத் தலைப்பாகவே வைக்கலாம்.

திருத்தும் சுமையை ஆசிரியர் ஒருவரே சுமக்க வேண்டியதும் இல்லை. 1924இல் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் சம்பளம் வாங்கும் ஆசிரியரே கிடையாது. ஒருவர் பேசுவார், ஒருவர் நேரம் பார்ப்பார், ஒருவர் 'அ...' 'ம்...' எத்தனை என்று எண்ணுவார், ஒருவர் எழுந்து மதிப்பிடுவார், அடுத்த முறை பாத்திரங்கள் மாறும். வகுப்பில் இதைக் கொஞ்சம் மாற்றி வைக்கலாம்: பேச்சு முடிந்ததும் கேட்டவர் ஒருவர் எழுந்து "நான் புரிந்துகொண்டது இது, அடுத்து நான் செய்யப்போவது இது" என்று சொல்ல வேண்டும். பேசியவர் முகத்தில் அப்போது வரும் அதிர்ச்சியே பாடம்.

இன்னொரு வழி, இதைத் தனிப்பாடமாக மட்டும் வைக்காமல் மற்ற பாடங்களுக்குள் நுழைப்பது. 1970களில் அமெரிக்கக் கல்லூரிகளில் எல்லாப் பாடங்களிலும் எழுத்து என்றொரு இயக்கமே நடந்தது. கணக்கியல் வகுப்பில் இருப்புநிலைக் குறிப்பைப் போட்ட மாணவர், கணக்குத் தெரியாத ஒருவருக்கு அதை அரைப் பக்கத்தில் விளக்க வேண்டும் என்றால், எழுத்தும் வளரும், கணக்கு உண்மையில் புரிந்ததா என்பதும் தெரிந்துவிடும். சொல்ல ஒன்றும் இல்லாமல் 'எப்படிச் சொல்வது' என்று மட்டும் கற்றுக்கொள்வதில்தான் தனிப்பாடங்கள் வறண்டு போகின்றன. ஆனால் கணக்கியல் ஆசிரியர் "எழுத்தைத் திருத்துவது என் வேலையா?" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அவருக்கும் அதே 15 மணி நேரக் கணக்கு.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்தப் பாடமே வேண்டாம் என்ற பேச்சும் கிளம்பியது. எம்ஐடி ஆய்வாளர்கள் ஷாக்கெட் நோய், விட்னி ஜாங் இருவரும் படித்த, எழுத்துவேலை செய்யும் 453 பேரை வைத்துச் சோதித்து 2023இல் வெளியிட்டார்கள். கருவி கிடைத்தவர்களுக்கு நேரம் 40 சதவீதம் குறைந்தது, தரம் 18 சதவீதம் கூடியது, நன்றாக எழுதுபவருக்கும் சுமாராக எழுதுபவருக்கும் இடையே தூரம் சுருங்கியது. வாக்கியத்தைச் சீர் செய்யும் வேலைக்கு இனி மதிப்பெண் போடுவதில் அர்த்தம் குறைந்துவிட்டது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

பெட்டிப் பயிற்சியை இப்போதும் கொடுக்கிறேன், கருவியைப் பயன்படுத்தலாம் என்று சொல்லியே. எண்கள் எல்லாம் இப்போது பத்திரமாக வந்துவிடுகின்றன. நான்கு அழகான பத்திகள், ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, இரண்டு சப்ளையருக்கும் சாதக பாதக அட்டவணை. கடைசி வரி மட்டும் "எப்படிச் செய்யலாம் என்பதைத் தங்கள் முடிவுக்கு விடுகிறேன்" என்று முடிகிறது. அதனால் பயிற்சியை மாற்றினேன். மெயிலுக்கு முன்பு கையால் இரண்டு வரி எழுதித் தர வேண்டும்: இதைப் படிப்பவர் எத்தனை மணிக்குள் என்ன செய்ய வேண்டும், இதில் உன் கருத்து என்ன. முதல் வரியை ஐந்து நிமிடத்தில் எழுதிவிடுகிறார்கள். இரண்டாவது வரிக்கு வரும்போது வகுப்பு அமைதியாகிவிடும், யாராவது ஒருவர் கையைத் தூக்கி, "சார், எங்க கருத்தையும் சொல்லலாமா?" என்று கேட்பார்.